டேக்கைக் குறைப்பதா, புதரைக் காப்பதா? வயோமிங் மியூல் மான் சரிவும் வேட்டைக்காரர் முன்னுள்ள வழிகளும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கில் கெம்மரர், எவன்ஸ்டன், ஆஃப்டன் வட்டாரத்து வேட்டைக்காரர்கள் மார்ச் மாதக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வியோடுதான் போகிறார்கள்: மான் குறைந்துகொண்டே போகிறதே, இந்த ஆண்டு எதை மாற்றச் சொல்வது? மாநில வேட்டை, மீன்வளத் துறை வைக்கும் வரைவுத் திட்டத்தின் மேல் அங்கே பேசலாம். ஏப்ரலில் ஆணையம் வாக்களித்து அந்த இலையுதிர்காலத்துக்கான விதிகளை முடிவு செய்துவிடும். அதற்குள் மேசைக்கு வரும் யோசனைகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒன்றேதான். கிடாவுக்கான டேக்கை (ஒரு மானைச் சுடத் துறை தரும் அனுமதிச் சீட்டு) குறை, சின்னக் கொம்பைச் சுடவிடாதே, பெட்டையைத் தொடாதே, கயோட்டியை (நரியைப் போன்ற காட்டு நாய்) ஒழி, பனிக்காலத்தில் தீவனம் போடு. இவற்றோடு யாரோ ஒருவர் பனிக்கால மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் பேசுவார். அந்த நேரத்தில் பாதிப் பேர் காபி எடுக்க எழுந்து போயிருப்பார்கள்.

சரிவு உண்மையானது. 1991-ல் ஏறத்தாழ 5,78,000 என்று துறை மதிப்பிட்ட வயோமிங் மியூல் மான்கள் 2016-ல் 3,73,000 அளவுக்கு வந்தன. பக்கத்து கொலராடோவில் 2006 வாக்கில் 6 லட்சம் இருந்தது 2013-ல் 3,90,000 ஆனது. இதன் மேல் 2022–23 பனிக்காலம் வந்தது. வயோமிங் மலைத்தொடர் மந்தையில் ரேடியோ காலர் மாட்டியிருந்த குட்டிகள் கிட்டத்தட்ட அத்தனையும் செத்தன. காலர் மாட்டிய பெட்டைகளிலும் பாதிக்கு வெகு மேலே போயின. அந்த அளவு அடி விழுந்த மந்தைக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதுதான் பேச்சு. ஒவ்வொன்றும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்க்க, முதலில் மந்தையின் வரவு செலவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரவு செலவு

கொலராடோ, ஐடஹோ, மொன்டானா மூன்றிலும் காலர் மாட்டிய மான்களை வைத்து 1990-களில் கணக்கெடுத்து, 1999-ல் வெளியிட்டார்கள். வளர்ந்த பெட்டை ஓர் ஆண்டைத் தாண்டிப் பிழைப்பது சராசரியாக 100-க்கு 85. டிசம்பரில் உயிரோடு இருக்கும் குட்டி பனிக்காலத்தைத் தாண்டுவது 100-க்கு 44. பெட்டையின் எண் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஆடாது. குட்டியின் எண் 20-க்குக் கீழேயும் போகும், 80-க்கு மேலேயும் போகும்.

இதை வைத்து 100 பெட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 சாகும். அந்த இடத்தை நிரப்ப 15 பெட்டைக் குட்டிகள் ஒரு வயதை எட்ட வேண்டும். குட்டிகளில் பாதி பெட்டை, அதில் 44 சதவீதம் பிழைக்கும் என்றால், டிசம்பர் எண்ணிக்கையில் 100 பெட்டைக்கு 68 குட்டி வேண்டும். 60 மட்டுமே இருந்தால் வருவது 13.2, மந்தை ஆண்டுக்கு 1.8 சதவீதம் சுருங்கும். ஓர் ஆண்டில் யார் கண்ணுக்கும் அது படாது. பத்து ஆண்டில் ஆறில் ஒரு பங்கு போயிருக்கும்.

இப்போது ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே அசைத்துப் பாருங்கள். 60 குட்டியும் 85 பெட்டையும் அப்படியே இருக்க, குட்டியின் பனிக்காலப் பிழைப்பை மட்டும் 44-லிருந்து 54 ஆக்கினால் மந்தை ஆண்டுக்கு 1.2 சதவீதம் வளரத் தொடங்கும். மாறாக, பெட்டைப் பிழைப்பு மூன்று புள்ளி குறைந்து 82 ஆனால் சரிவு 4.8 சதவீதம், பத்து ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. இந்தக் கணக்கில் கிடா எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசப்படுவது பெரும்பாலும் கிடாவைப் பற்றித்தான்.

வேட்டைக்காரர் கண்ட எண்ணிக்கைக்கும் துறையின் எண்ணிக்கைக்கும் நடக்கும் சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். துறை எண்ணுவது வேட்டைப் பருவம் முடிந்த பிறகு, பனி விழுந்து மான்கள் கீழே இறங்கிய சமயத்தில், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து. வேட்டைக்காரர் பார்ப்பது அக்டோபரில். அக்டோபர் வெப்பமாக இருந்து மலைமேல் பனி விழாவிட்டால் மான்கள் இன்னும் உச்சியிலேயே இருக்கும். கீழே காத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே "இந்த வருஷம் ஒண்ணுமே பார்க்கல" என்பது மந்தையின் அளவைச் சொல்வதில்லை. வேட்டைக்காரரின் கையில் அதைவிட நல்ல சான்றுகள் உண்டு: ஒரு மான் கிடைக்க எத்தனை நாள் ஆனது, சுட்டதில் எத்தனை ஒரு வயதுக் கிடா, முன்வெட்டுப் பல் ஒன்றைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்த வயது. பல்லின் வேர்ச் சிமெண்டில் மரத்தைப் போலவே ஆண்டு வளையம் விழும். பத்து ஆண்டு இவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் வேட்டைக்காரர் சங்கம் சொன்னால் உயிரியலாளர் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கிடா டேக்கைக் குறைத்தல்

அதிகம் கேட்கப்படுவது இது. செய்வதற்கும் எளிது; ஒரே வாக்கில் முடிந்துவிடும். 10,000 பெட்டை, 2,000 கிடா உள்ள ஒரு மந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். 900 டேக், அதில் 40 சதவீதம் பேருக்கு மான் கிடைக்கிறது என்றால் 360 கிடா போகும். டேக்கை 600 ஆக்கினால் 240. மிச்சம் 120 கிடா. 100 பெட்டைக்கு 20 கிடா என்பது 21 ஆகும். 300 பேர் வீட்டில் இருப்பார்கள். பிறக்கும் குட்டியின் எண்ணிக்கை மாறாது, ஏனென்றால் ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும். 100-க்கு 15 முதல் 20 கிடா இருந்தாலே நவம்பர் சேர்க்கை ஒழுங்காக நடந்துவிடும். முதல் சுற்றில் சினையாகாத பெட்டை மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி சூட்டுக்கு வரும்.

கொலராடோ 1999-ல் மாநிலம் முழுக்க மான் லைசென்ஸை குலுக்கலுக்குக் கொண்டுவந்தது. கிடா விகிதம் ஏறியது. குட்டி விகிதம் ஏறவில்லை. பிறகு 2006-லிருந்து 2013-க்குள் நடந்த சரிவை மேலே பார்த்தோம். கையில் டேக் குறைவாக இருந்தபோதே அது நடந்தது.

அதற்காக டேக் குறைப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. 100-க்கு 10-க்குக் கீழே கிடா இறங்கிவிட்ட மந்தையில் அது தேவை. பெரிய கொம்பு வேண்டும், கூட்டம் குறைந்த மலை வேண்டும் என்பவருக்கும் அது பலன் தரும். அதை அந்தப் பெயரிலேயே கேட்கலாம். மான் பெருகும் என்று சொல்லிக் கேட்டால், ஐந்து ஆண்டு கழித்து மான் பெருகாதபோது துறையின் மேல் பழி விழும். "டேக் விற்றுக் காசு பார்க்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டிலும் பாதி நியாயம் உண்டு. லைசென்ஸ் பணமும், துப்பாக்கி, தோட்டா மீது 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வாங்கும் வரியும்தான் (நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம்) இந்தத் துறைகளை ஓட்டுகின்றன. ஆனாலும் கிடா டேக் விற்றதால் மந்தை சுருங்கியது என்று நிரூபிக்கக் கணக்கு ஒத்துவராது.

டேக்கைக் குறைக்காமல் கிடாவைக் காக்க இன்னொரு வழி, ஆளை விட்டுவிட்டுக் கருவியைக் குறைப்பது. 2024 முதல் யூட்டா மாநிலம் மஸில்லோடர் (குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி) பருவத்தில் உருப்பெருக்கும் ஸ்கோப்பைத் தடை செய்தது இந்த எண்ணத்தில்தான். பருவத்தை நவம்பர் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே முடிப்பதும் அதே வகை: அந்தச் சமயத்தில் கிடா பெட்டையின் பின்னால் பகலிலேயே திறந்தவெளிக்கு வந்துவிடும், யாருக்கும் எளிதாகச் சிக்கும். 300 பேரை வீட்டில் உட்கார வைப்பதைவிட ஒரு வாரத்தை வெட்டுவது மேல்.

கொம்புக் கிளை விதி

மேற்கில் ஒரு பக்கக் கொம்பின் கிளைகளைத்தான் எண்ணுவார்கள். "மூன்று கிளை அல்லது மேல்" என்றால் ஒரு வயதுக் கிடாக்கள் தப்பும், அவற்றுக்குப் பெரும்பாலும் ஒற்றைக் குச்சியோ இரண்டு கிளையோதான். "நான்கு அல்லது மேல்" என்றால் இரண்டு வயதிலும் பல தப்பும்.

பிரச்சினை இதுதான்: டேக் எண்ணிக்கை அப்படியே இருந்தால் வேட்டையின் சுமை முழுக்க மூத்த கிடாக்களின் மேல் விழும். முதல் ஆண்டு சிறிய கிடாக்கள் நிறையத் தெரியும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் ஆண்டில் மூன்று கிளையைத் தொட்ட கிடா தொட்டவுடனே போய்விடும். நான்கு, ஐந்து வயதுக் கிடா முன்பைவிடக் குறையும். இன்னொன்று, 250 மீட்டரில் அந்தி வெளிச்சத்தில் கிளை எண்ணுவது நினைப்பது போல் எளிதல்ல. தவறாகச் சுட்ட இரண்டு கிளைக் கிடாவை அங்கேயே போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அந்த மான் எந்தக் கணக்கிலும் வராது. பல மேற்கு மாநிலங்கள் இந்த விதியைப் பரவலாகக் கொண்டுவந்து பிறகு கைவிட்டதற்கு இவையே காரணம்.

பெரும் பனிக்குப் பின் இந்த விதியைக் கேட்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. 2022-ல் பிறந்த குட்டிகள் அந்தப் பனிக்காலத்தில் முழுக்கப் போய்விட்ட மந்தையில், 2023 இலையுதிர்காலத்தில் ஒரு வயதுக் கிடாவே இருக்காது. காக்க வேண்டியது இல்லாத ஆண்டில் காப்பு விதி போட்டால், மிஞ்சிய சில மூத்த கிடாக்களைத்தான் அது வேட்டைக்கு முன்னால் தள்ளும். இந்த விதிக்கு வேலை இருப்பது அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து. அதுவும் இரண்டு, மூன்று ஆண்டுக்கு, முடியும் தேதியோடு, டேக் குறைப்போடு சேர்த்து. தேதி இல்லாமல் போட்டால் எடுப்பது கடினம்.

பெட்டை டேக்

இதில் வேட்டைக்காரர் சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒன்றுதான், நிபந்தனையோடு. மூன்று புள்ளி பெட்டைப் பிழைப்பு என்ன செய்யும் என்று பார்த்தோம். அடிபட்ட மந்தையில் பெட்டை டேக்கைச் சுழியம் ஆக்குவது முதல் ஆண்டே செய்ய வேண்டியது. இளையோருக்கான சிறப்புப் பருவம், வயல் சேதத்துக்காகக் கொடுக்கும் டேக் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் பெட்டைச் சாவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிபந்தனை என்னவென்றால், நிலம் தாங்கும் அளவுக்கு மந்தை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் பெட்டையை விட்டுவைப்பது மானைக் கூட்டாது. கொலராடோவின் பிசியான்ஸ் பள்ளத்தாக்கில் செய்து 1992-ல் வெளியான சோதனையில், மான் அடர்த்தியைக் குறைத்தபோது மிஞ்சிய குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. அதே புதரைக் குறைந்த வாய்கள் தின்றன, அவ்வளவுதான். 2022–23-க்குப் பின் வயோமிங் மலைத்தொடரில் நிலைமை நேர்மாறு: வாய் குறைந்து, புதர் மிஞ்சியிருக்கும் நேரம். விட்டுவைக்கும் ஒவ்வொரு பெட்டையும் அப்போது முழு மதிப்பு பெறும்.

எவ்வளவு வேகமாக மீளும்? பெட்டைப் பிழைப்பு 90, டிசம்பரில் 80 குட்டி, அதில் 65 சதவீதம் பிழைப்பு என்று எல்லாமே நல்லதாக அமைந்தால் ஆண்டுக்கு 16 சதவீதம் வளரலாம். 100-லிருந்து 35-க்கு விழுந்த மந்தை பழைய இடத்துக்கு வர ஏழு ஆண்டு. இடையில் ஒரு கடும்பனி வந்தால் கணக்கு முதலிலிருந்து.

கயோட்டியும் மலைச்சிங்கமும்

பனியில் பாதி தின்ற குட்டியின் சடலத்தைப் பார்த்தவருக்கு யார் கொன்றது என்பதில் சந்தேகமே இருக்காது. சந்தேகப்படுவது நல்லது. தோலை உரித்துக் கடித்த இடத்துக்கு அடியில் பாருங்கள்; இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருந்தபோது கடித்தது, இல்லையென்றால் செத்த பின் தின்றது. அடுத்து தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையைப் பாருங்கள். வெள்ளையாக, மெழுகு போல் கெட்டியாக இருந்தால் அந்த மானிடம் கொழுப்பு இருந்தது. சிவந்து, கூழாக வழிந்தால் கயோட்டி வராவிட்டாலும் சில நாளில் பட்டினியால் விழுந்திருக்கும். இரண்டாவது வகைச் சடலங்கள் நிறைந்த பனிக்கால நிலத்தில் கயோட்டியைக் கொன்று மானைக் காப்பாற்ற முடியாது. சாவுக்கான காரணம் மட்டும் ஏட்டில் மாறும்.

தென்கிழக்கு ஐடஹோவில் 1997 முதல் 2003 வரை பெரிய பரப்பில் இதைச் சோதித்தார்கள்: சில பகுதிகளில் கயோட்டியை அகற்றி, சிலவற்றில் மலைச்சிங்கத்தை (பூமா என்ற பெரும்பூனை), சிலவற்றில் இரண்டையும். கயோட்டியை அகற்றியதால் டிசம்பர் குட்டி விகிதமோ மந்தையின் வளர்ச்சியோ கூடவில்லை. முயல்கள் குறைந்த ஆண்டுகளில் மட்டும் பிறந்த குட்டிகளுக்குக் கொஞ்சம் பலன். மலைச்சிங்கத்தை அகற்றிய இடங்களில் குட்டி விகிதமும் பெட்டைப் பிழைப்பும் சற்று ஏறின. மந்தை வளர்ச்சியில் அதன் தடம் மங்கலாகவே இருந்தது. பனியும் கோடை மழையும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன.

யூட்டா 2012-லிருந்து ஒரு கயோட்டிக்கு 50 டாலர் கொடுக்கிறது; காதோடு கூடிய தலைத்தோலையும் கீழ்த்தாடையையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். பணம் கயோட்டிக்கு, இடத்துக்கு அல்ல. ஆகவே எங்கே சுட எளிதோ, சாலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கயோட்டி சாகும். கயோட்டிக் கூட்டம் ஆண்டுக்கு முக்கால் பங்கு வரை இழந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்று பழைய மாதிரிக் கணக்குகள் காட்டின. காலி இடத்தைப் பக்கத்துக் கயோட்டி நிரப்பும், மிஞ்சியவை கூடுதல் குட்டி போடும். இதைச் செய்தே ஆக வேண்டும் என்றால் பணத்தை டிசம்பரில் செலவழிக்காதீர்கள். மான் ஜூனில் குட்டி போடும் மலைச்சரிவுகளில், அதற்குச் சற்று முன்பான வசந்தத்தில், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி செய்ய வேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும். நிறுத்தினால் பலனும் நிற்கும். சங்கத்தின் சிறு நிதிக்கு இது ஏற்ற செலவல்ல என்பது எங்கள் கருத்து.

தீவனம்

மனம் இளகும் நேரத்தில் எடுக்கப்படும் முடிவு. பனிக்காலத்தில் மானின் இரைப்பை நுண்ணுயிர்கள் புதர்க் குச்சிக்குப் பழகியிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று சோளத்தைக் கொட்டினால் இரைப்பை அமிலமாகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் சாகும். வைக்கோலை வயிறு முட்டத் தின்றும் பட்டினியால் செத்த மான்கள் உண்டு. தீவனத் தொட்டியில் முதலில் நிற்பது வளர்ந்த மான்கள், குட்டி கடைசியில். ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசுவது நோய்க்கு வசதி. 2023 தொடக்கத்தில் யூட்டா ரிச் கவுண்டியில் அவசரத் தீவனம் போட்டபோது மானுக்கென்றே தயாரித்த உருண்டைத் தீவனத்தைத்தான் பயன்படுத்தியது.

கொலராடோவின் அன்கம்பாக்ரி பீடபூமியில் 2000 முதல் சில ஆண்டுகள் மான்களுக்கு வேண்டிய மட்டும் நல்ல தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். தீவனம் கிடைத்த மான்கள் ஆண்டுக்கு 16.5 சதவீதம் வளரும் வேகத்தில் இருந்தன, கிடைக்காதவை 3.3. கயோட்டியும் மலைச்சிங்கமும் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. தீவனம் போடுங்கள் என்பது இதன் பொருளல்ல. அந்த மந்தையைப் பிடித்து வைத்திருந்தது உணவு என்பதே பொருள். பின்னர் அதே வட்டாரத்தில் பின்யான், ஜூனிப்பர் மரங்களை அகற்றி, களையை அடக்கி, புதர் விதைத்த நிலங்களிலும் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. தொட்டி இல்லாமலே அதே திசையில் பலன்.

பனிக்கால நிலமும் அதற்குப் போகும் வழியும்

இதில்தான் சங்கங்கள் தங்கள் ஆள்பலத்தையும் பணத்தையும் போட வேண்டும். இங்கே செய்வதே கூட்டல் கணக்கில் குட்டிப் பிழைப்பையும் பெட்டைப் பிழைப்பையும் ஒருசேரத் தொடும். குறை ஒன்று: மெதுவாக நடக்கும், ஏப்ரல் வாக்கெடுப்பில் கைதட்டல் கிடைக்காது.

கம்பிவேலியிலிருந்து தொடங்குங்கள், ஒரே வார இறுதியில் செய்து முடிக்கக்கூடியது அது. மேல் கம்பி 42 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மேலிருந்து முதல் இரண்டு கம்பிகளுக்கு இடையே 12 அங்குலமாவது வேண்டும். கீழ்க் கம்பி தரையிலிருந்து 16 அங்குலம், முள் இல்லாதது. அந்த 12 அங்குலம் ஏன்? தாண்டும் மானின் பின்னங்கால் மேல் இரண்டு கம்பிக்கு நடுவே நுழைந்தால், நெருங்கிய கம்பிகள் முறுக்கிக்கொண்டு காலைப் பூட்டிவிடும். மான் தலைகீழாகத் தொங்கிச் சாகும். கீழ் இடைவெளி குட்டிக்கு. தாய் தாண்டிவிட, குட்டி வேலியோரமாகவே ஓடிக் களைக்கும். ஆடு வளர்க்கும் இடங்களில் போட்ட வலைவேலிதான் மிக மோசம். நில உரிமையாளரிடம் "உங்கள் வேலி தவறு" என்று போகாமல், கம்பியும் ஆளும் நாங்கள் தருகிறோம் என்று போனால் வேலை நடக்கும்.

அடுத்தது சாலை. கெம்மரர் அருகே நெடுஞ்சாலை 30-ல் நகெட் பள்ளத்தாக்கு, வயோமிங் மலைத்தொடர் மான்கள் கடக்கும் இடம். அங்கே 8 அடி வேலியையும் 7 சுரங்கப் பாதைகளையும் தொடர்ச்சியாக அமைத்தபின் மான் மோதல்கள் 81 சதவீதம் குறைந்தன. மூன்று ஆண்டில் 49,000-க்கு மேற்பட்ட முறை மான்கள் அடியில் கடந்தது பதிவானது. பைன்டேல் பக்கத்தில் நெடுஞ்சாலை 191-ல் ட்ராப்பர்ஸ் பாயின்டில் 2012-ல் மான்கள் கடக்க மேம்பாலங்களும் சேர்ந்தன. வேலி இல்லாமல் பாதை மட்டும் கட்டினால் மான் சாலையிலேயே ஏறும். வேலியின் முனை சரியாக முடியாவிட்டால் அந்த முனையில் மோதல் குவியும். இது சங்கத்தால் கட்டக்கூடிய வேலை அல்ல. ஆனால் போக்குவரத்துத் துறைக்கு எந்த மைல்கல் அருகே எத்தனை சடலம் என்று தேதியோடு எழுதிக் கொடுப்பது சங்கத்தால் முடியும். இடத் தேர்வு அதை வைத்துத்தான் நடக்கிறது.

புதர். மியூல் மானின் பனிக்கால உணவு சேஜ்பிரஷ், பிட்டர்பிரஷ், மலை மஹோகனி. சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் இவற்றின் இடையே நுழைந்தால் கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து தீக்குத் தூபம் போடும். ஒருமுறை எரிந்த சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும், அதற்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் புல் மறுபடி எரியும். இமாசாபிக் களைக்கொல்லியை இலையுதிர்காலத்தில் புல் முளைக்கும் முன் தெளித்தால் ஓரிரு ஆண்டு அடங்கும். இண்டாசிஃப்ளாம் மூன்று ஆண்டும் மேலும் பிடிக்கும். ஆனால் அது விதை முளைப்பையே தடுக்கும் மருந்து. தெளித்த கையோடு புதர் விதை போட்டால் அந்த விதையும் போய்விடும். நல்ல புதர் இன்னும் நிற்கும் நிலத்துக்கு அது. வெறும் நிலத்துக்கு அல்ல.

சேஜ்பிரஷ் விதைப்பில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் மூன்று. விதை பழசு: ஓர் ஆண்டுக்குள் முளைப்புத் திறன் வேகமாக விழும். விதை வேறு ஊர்: அந்த உயரத்துக்கும் குளிருக்கும் ஒத்த துணைவகை இல்லாவிட்டால் முளைத்தும் சாகும். விதை ஆழம்: பொடி போன்ற விதை மண்மேலேயே கிடக்க வேண்டும், பனி விழும் முன்போ பனிமேலோ தூவுவது நல்லது. பிட்டர்பிரஷ் நேர்மாறு, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஆழம் வேண்டும், இலையுதிர்காலத்தில் போட்டால் மண்ணிலேயே குளிர் வாங்கி வசந்தத்தில் முளைக்கும். எலி தோண்டித் தின்னும், அதற்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஜூனிப்பரை வெட்டும்போது எல்லாவற்றையும் மொட்டையடிக்க வேண்டாம். காற்றுக்கும் பனிக்கும் மான் ஒதுங்க மரத்திட்டுகள் வேண்டும். மரத்தடியில் புதரும் புல்லும் இன்னும் உயிரோடு இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் வெட்டினால் விதையே தேவைப்படாது. முற்றிய காட்டை அரைத்துப் போட்டால் சீட்கிராஸ்தான் முதலில் வரும்.

எரிவாயுக் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பைன்டேல் ஆன்டிக்ளைன் வயலில் 15 ஆண்டு மான்களைத் தொடர்ந்து, 2017-ல் வெளியிட்டார்கள்: கிணற்றுத் தளங்களிலிருந்து மான்கள் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு விலகியே நின்றன, பழகவில்லை, அங்கே பனிக்கால எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்தது. அத்தனை புதரும் அங்கேயேதான் நின்றது, தின்ன மான் வரவில்லை. குத்தகை ஏலக் காலத்தில் கருத்துக் கடிதம் எழுதுவது டேக் கூட்டத்தில் பேசுவதைவிட எடை கூடிய செயல்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு: உதிர்ந்த கொம்பு பொறுக்கப் போகாமல் இருப்பது. மார்ச், ஏப்ரலில் மானிடம் மிஞ்சியிருப்பது கடைசிக் கொழுப்பு. ஒரு முறை விரட்டினால் அது ஆழப் பனியில் ஓடிச் செலவழிப்பதைத் திரும்பச் சம்பாதிக்கப் பச்சை இன்னும் முளைத்திருக்காது. மேற்கு வயோமிங்கில் ஏப்ரல் 30 வரை தடை இருக்கிறது. யூட்டா 2023-ல் மாநிலம் முழுவதும் மே வரை மூடியது.

எல்லாக் கணக்கும் திரும்பும் இடம்

டிசம்பர் குட்டி விகிதம் நன்றாக இருக்கிறது, பனியும் லேசு, ஆனாலும் மந்தை சுருங்குகிறது என்றால் வளர்ந்த மான்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது தேட வேண்டியது சிடபிள்யூடி (CWD, Chronic Wasting Disease) என்ற, மூளையைச் சிதைத்து உடலை உருக்கும் நோய். 1967-ல் கொலராடோ ஃபோர்ட் காலின்ஸில் அடைப்பில் இருந்த மியூல் மான்களில் முதலில் தெரிந்தது. பிரியான் என்ற உருமாறிய புரதம்தான் காரணம். எச்சில், சாணம் வழியே பரவும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிழக்கு வயோமிங்கின் கான்வெர்ஸ் கவுண்டியில் ஒரு மியூல் மான் மந்தை இதனால் ஆண்டுக்கு 21 சதவீத வேகத்தில் சரிந்ததாக 2017 ஆய்வு காட்டியது. எந்தப் புதரும் அந்த வேகத்தை ஈடுகட்டாது.

இங்கே கிடாவைப் பற்றிய பேச்சுக்கு முதல்முறையாக உண்மையான எடை வருகிறது, ஆனால் எதிர்த் திசையில். நோய் மூத்த கிடாக்களில்தான் அதிகம். டேக்கைக் குறைத்து, கொம்பு விதி போட்டு மூத்த கிடாவைச் சேர்ப்பது நோயைச் சேர்ப்பது. கொலராடோவின் திட்டம் வளர்ந்த கிடாக்களில் தொற்று 5 சதவீதத்தைத் தாண்டினால் கிடா வேட்டையைக் கூட்டச் சொல்கிறது. ஆகவே கிளை விதிக்குக் கை தூக்கும் முன் தங்கள் வேட்டைப் பகுதியின் தொற்று எண்ணைத் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். மாதிரி போதவில்லை என்று பதில் வந்தால் மாதிரி கொடுக்க வேண்டியவரும் வேட்டைக்காரரே.

மாதிரிக்கு வேண்டியது தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்கள். தலையைத் தாடையை ஒட்டி வெட்டினால் அவை கழுத்தோடு போய்விடும். இரண்டு, மூன்று அங்குலக் கழுத்து தலையோடு இருக்கும்படி வெட்டுங்கள். தலையை வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்துச் சோதனை நிலையத்தில் கொடுங்கள். முதுகெலும்பையும் தலையையும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாமல் இறைச்சியை எலும்பு நீக்கி எடுத்துச் செல்லுங்கள். கத்தியில் ஒட்டிய சதையை முழுக்கத் துடைத்துவிட்டு, 40 சதவீதம் வீட்டு பிளீச் கலந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் பிளீச் அதற்குள் ஊடுருவாது. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனித்தனி மானாகப் பிரித்து, பெயர் எழுதி உறைய வைத்திருங்கள்.